காற்றை ஜெயித்த கார்



கார் பந்தயம்னு பேச்சு வந்தாலே நம்ம பசங்க கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை குதிரைத்திறன்?" என்பதுதான். பலம் மட்டும் போதாது என்பது என் கருத்து. அதற்குச் சாட்சி, 'ஷெல்பி கோப்ரா டேடோனா கூபே' என்ற அமெரிக்கப் பந்தயக் கார்.

கரோல் ஷெல்பி டெக்சாஸ்காரர். கோழிப்பண்ணை வைத்து நஷ்டப்பட்டவர். 1959-ல் பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்தவர். இதய நோயால் பந்தயம் ஓட்டுவதை விட்டுவிட்டு, கார் தயாரிக்க வந்தார். 1962-ல் இங்கிலாந்தின் ஏ.சி. கம்பெனியின் எடை குறைந்த காரில் ஃபோர்டு வி8 எஞ்சினைப் பொருத்தினார். அதுதான் கோப்ரா.

வளைவுகள் நிறைந்த பாதையில் அது சிறுத்தை மாதிரி பாய்ந்தது. ஆனால் லெ மானில் இருந்த சுமார் 6 கிலோமீட்டர் நேர்பாதையில் இத்தாலியின் ஃபெராரி முந்திப் போய்விடும். காரணம், கோப்ரா திறந்த கார். காற்று நேராக வந்து மோதும். வேகம் 2 மடங்கானால் காற்றின் எதிர்ப்பு 4 மடங்காகும். எதிர்காத்துல சைக்கிள் மிதிச்சவங்களுக்கு இது நல்லாவே புரியும்.

ஷெல்பியிடம் வேலை பார்த்த பீட்டர் பிராக்குக்கு அப்போது 30 வயசுகூட ஆகவில்லை. எஞ்சினை விட்டுவிட்டு, உடம்பின் வடிவத்தை மாற்றினார். சரிந்த கூரை, கத்தியால் வெட்டியது போன்ற பின்பக்கம். பட்டறையிலேயே பலர், "இது சரிவராது" என்றார்கள். ஓட்டுநர் கென் மைல்ஸ் துணை நின்றார். 1964-ல் ரிவர்சைடு களத்தில் அவரே ஓட்டிப் பார்த்தார். பழைய கோப்ராவை விட ஒரு சுற்றுக்கு மூன்று விநாடிக்கு மேல் மிச்சம்!

அதே வருடம் லெ மானில் ஜி.டி. பிரிவில் முதலிடம். 1965-ல் பெரிய எஞ்சின் ஜி.டி. கார்களுக்கான உலகப் பட்டம் ஃபெராரியின் கையை விட்டு அமெரிக்காவுக்குப் போனது. செய்ததே மொத்தம் 6 கார்தான். அதில் 5 கார்களுக்கு உடம்பு கட்டியது, என்சோ ஃபெராரி பிறந்த மோடெனா ஊரில்! முதல் கார் 2014-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் முதல் வாகனமாக இடம்பெற்றது.

"வி8 எஞ்சின் இல்லாம ஜெயிச்சிருக்குமா?" என்று கேட்பீர்கள். ஜெயித்திருக்காது. ஆனால் அதே எஞ்சின் முன்னாடியும் இருந்ததே!

அறிவியல் கண்காட்சிக்கு மாடல் செய்யும்போது, "பெரிய மோட்டார் போடுடா" என்றுதான் நாம் கத்துகிறோம். ஓரமா நிக்கிற ஒருத்தன், "அட்டையோட வடிவத்தை மாத்திப் பார்க்கலாமா?" என்றால் சிரிக்கிறோம். நானும் சிரிச்சவன்தான். இனிமேல் சிரிக்க மாட்டேன். காரின் பெயரில் ஷெல்பி இருக்கிறார், பிராக் இல்லை. ஆனாலும் அந்த இளைஞருக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தது ஷெல்பிதான். அதுவும் பெரிய விஷயம்தானே?

"சரிவராது" என்று சொல்வதற்கு முன், ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போமே! என்ன நண்பர்களே, நான் சொல்றது சரிதானே?

— பத்தாம் வகுப்பு மாணவன், 'ஆ' பிரிவு