ஒரு வரியை மாற்றச் சொன்னால் முழுப் பக்கத்தையும் எழுதும் ஏஐ

ஆலயம், தமிழ்ப்பள்ளி, இளைஞர் மன்றம் என நம் அமைப்புகள் பலவற்றின் அகப்பக்கத்தை யாரோ ஒரு தன்னார்வலர்தான் வேலை முடிந்து வந்து இரவில் கவனித்துக்கொள்கிறார். அந்தச் சுமையை இப்போது ஏஐ ஏஜென்ட்டிடம் ஒப்படைக்க முடிகிறது. “தைப்பூச உபயப் பட்டியலில் மூன்றாம் நாள் உபயகாரர் பெயரை மாற்று” என்று தமிழிலேயே சொன்னால் போதும். அதுவே அகப்பக்கத்திற்குள் நுழைந்து திருத்திவிடும். ஏஐ-யையும் மற்ற மென்பொருள்களையும் இணைக்கும் எம்சிபி என்ற பொது நெறிமுறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட பிறகு, இத்தகைய இணைப்புகள் வேகமாகப் பெருகிவிட்டன.

வசதிதான். ஆனால் அந்த ஏஜென்ட் சொன்ன பெயரை மட்டும் மாற்றியதா, அல்லது பக்கம் முழுவதையும் தானே மீண்டும் எழுதிப் பழையதன் இடத்தில் வைத்ததா? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியைத் திருத்தச் சொன்னால், கிராணி அந்த ஒரு வரியை அடித்து எழுதலாம். புத்தகம் முழுவதையும் புதிய நோட்டில் பிரதி எடுத்துவிட்டுப் பழையதை எறியவும் செய்யலாம். முழுப் பக்கத்தையும் எழுதும் ஏஐ இரண்டாவது வகைக் கிராணி. மாற்ற வேண்டாத பகுதியையும் அது சொல் சொல்லாகத் திரும்ப எழுதுகிறது. பெரும்பாலும் சரியாகவே எழுதும். அதனாலேயே யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை.

தவறு நேர்ந்தால் அது எங்கே விழும் என்பதில்தான் நம்மவர்களுக்குக் கவலை இருக்க வேண்டும். ஆலயத் தோற்றுநர் பெயர் கல்வெட்டில் ‘இராமசாமி’ என்றிருக்க, ஏஐ அதை ‘ராமசாமி’ என்று “திருத்தி”விடக்கூடும். தோட்டத்திற்கு நம் மக்கள் காலங்காலமாக வழங்கிவரும் தமிழ்ப் பெயர் ஒன்றாகவும், நிறுவனத்தின் ஆங்கிலப் பெயர் வேறாகவும் இருக்கும். முன்னதைப் பிழை என்று கருதிப் பின்னதை அது போட்டுவிடலாம். துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாகிவிட்ட தோட்டமென்றால், அந்தப் பழைய பெயர் எழுத்தில் எஞ்சியிருப்பது அந்த அகப்பக்கத்தில் மட்டுமாகவும் இருக்கலாம். திருப்பணி நிதிக்கான வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் விளைவு என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தமிழுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்றும் உண்டு. ஏஐ சொற்களை ‘டோக்கன்’ எனப்படும் சிறு துண்டுகளாக உடைத்தே கையாள்கிறது. ஒரே செய்திக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழில் அதிக டோக்கன்கள் செலவாகின்றன. ஆகவே ஒரு நீண்ட தமிழ்ப் பக்கத்தை முழுவதும் எழுத வைத்தால் நேரமும் கட்டணமும் கூடும். எழுதக்கூடிய அளவு தீர்ந்து பாதியில் நின்றுபோகவும் வாய்ப்புண்டு. சில சமயம் ஏஐ சுருக்குவழியும் தேடும். “மற்றவை முன்பு போலவே” என்று ஒரு குறிப்பை மட்டும் எழுதி முடித்துவிடும். அந்தக் குறிப்பு அப்படியே சேமிக்கப்பட்டால், பக்கத்தின் மீதிப் பகுதி போயிற்று.

பகுதியை மட்டும் மாற்றுவது புதிய யோசனை அல்ல. முழுவதையும் மாற்றும் ‘புட்’ கட்டளைக்குத் துணையாக, ஒரு பகுதியை மட்டும் மாற்றும் ‘பேட்ச்’ கட்டளை 2010 மார்ச்சிலேயே இணையத் தரமாக வரையறுக்கப்பட்டது. நடைமுறையில்தான் ஓட்டை. நம் அமைப்புகள் பலவும் விரும்பும் வேர்ட்பிரஸ்சை எடுத்துக்கொண்டால், அதன் இணைப்பு முறையில் தலைப்பு ஒரு கட்டம், உள்ளடக்கம் முழுவதும் இன்னொரு கட்டம். தலைப்பை மட்டும் தனியே மாற்றலாம். உள்ளடக்கத்தில் ஒரு வரியை மாற்றவோ, முழு உள்ளடக்கத்தையும் திரும்ப அனுப்பியாக வேண்டும். ‘பகுதி மாற்றம்’ என்று விளம்பரப்படுத்தும் கருவி எந்தப் பகுதியைச் சொல்கிறது என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

நல்ல கருவிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. ஏஐ பழைய வரியையும் புதிய வரியையும் மட்டும் தரும். பழைய வரி பக்கத்தில் அச்சு அசலாக, ஒரே ஓர் இடத்தில் இருந்தால்தான் கருவி மாற்றத்தைச் செய்யும். இல்லையேல் மறுத்துவிடும். மற்ற வரிகளை ஏஐ தொடுவதே இல்லை. கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இது, விலை பிறகு.

அடுத்தது அனுமதி. 2025 ஜூலையில் அமெரிக்க முதலீட்டாளர் ஜேசன் லெம்கின் ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஐ ஏஜென்ட்டைச் சோதித்துக்கொண்டிருந்தார். எதையும் மாற்றக்கூடாது என்று சொல்லியிருந்தும் அது அவருடைய தரவுத்தளத்தை அழித்தது. மீட்க முடியாது என்றும் அவரிடம் சொன்னது. பிறகு பார்த்தால் மீட்க முடிந்தது. நிறுவனத் தலைவர் அம்ஜத் மசாத் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சொல்லால் போட்ட தடையை ஏஐ மீறலாம். கொடுக்காத அனுமதியை அது எளிதில் எடுத்துக்கொள்ள முடியாது. வேர்ட்பிரஸ்சில் ‘அட்மின்’ கடவுச்சொல்லை ஏஜென்ட்டிடம் கொடுப்பதற்குப் பதில், அதற்கென ‘எடிட்டர்’ நிலையில் தனிப் பயனர் கணக்கு திறக்கலாம். பக்கங்களைத் திருத்த அது போதும். தளத்தின் அமைப்பிலோ மற்றவர்களின் கணக்குகளிலோ கைவைக்க முடியாது.

வேர்ட்பிரஸ் ஒவ்வொரு திருத்தத்தின் பழைய வடிவத்தையும் பொதுவாகச் சேமித்து வைக்கிறது. ‘ரிவிஷன்ஸ்’ பகுதியில் பழையதையும் புதியதையும் அருகருகே ஒப்பிடலாம். எது மாறியது என்று நிறம் காட்டும். ஒரு பெயரை மாற்றச் சொன்ன இடத்தில் பத்து வரிகள் நிறம் மாறியிருந்தால் பழைய வடிவத்தை அங்கேயே மீட்டுக்கொள்ளலாம். இந்தப் பகுதியைத் திறக்க, தளத்திற்குள் நுழையும் கடவுச்சொல் வேண்டும். பல அமைப்புகளில் அது இரண்டு தவணைக்கு முந்தைய செயலாளரின் கைப்பேசியில்தான் இருக்கிறது.