வேகத்தைக் கூட்டுமுன் காரணத்தைத் தேடுக

1998ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட செலரான் 300ஏ என்னும் மலிவான பிராசஸர், அதன் பஸ் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100க்கு உயர்த்திய மாத்திரத்தில், 300 மெகாஹெர்ட்ஸுக்குப் பதிலாகப் பெரும்பாலும் 450இல் ஓடிற்று. செல்வர்க்கே உரியதாயிருந்த சக்தி எளியவர் மேசைக்கும் வந்து சேர்ந்த அந்த நிகழ்ச்சியே ஓவர்கிளாக் என்னும் வித்தைக்கு இன்றளவும் குன்றாத கீர்த்தியைத் தேடித் தந்தது. ஆனால், அக்காலத்து உற்பத்தியாளர் மிச்சமாக விட்டு வைத்திருந்த இடைவெளியில் பெரும்பகுதியை இக்காலத்து உற்பத்தியாளர் பூஸ்ட் என்ற பெயரால் தாமே எடுத்துக்கொண்டு விடுகிறார். எஞ்சியிருக்கும் சிறு லாபத்துக்காகக் குறைந்த செலவில் விளையாட்டுக் கம்ப்யூட்டர் அமைத்துக்கொண்ட நம் இளைஞர்கள் படும் சிரமத்தையும், அச்சிரமத்தினிடையே அவர்கள் கைக்கொள்ளும் ஒரு தவறான பரிகாரத்தையும் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன்.

2017இல் வெளிவந்த ஏஎம்டி ரைசன் 5 1600ஐ எடுத்துக்கொள்வோம். பி350 மதர்போர்டில் பொருத்தி, 3.8 கிகாஹெர்ட்ஸ் என்று பயாஸில் குறித்துவிட்டு, விளையாட்டைத் தொடங்கியபின் சிறிது நேரத்தில் திரை நீலமாகிவிட்டால், உடனே வோல்டேஜைக் கூட்டுவதே பலருக்கும் தோன்றும் மருந்து. இந்த அவசரத்தைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். பிராசஸர் செலவழிக்கும் மின்சக்தி வேகத்தின் விகிதத்தில் மட்டுமன்றி வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் பெருகுவதால், 1.2 வோல்ட்டில் 3.4 கிகாஹெர்ட்ஸாக ஓடும் ஒரு பிராசஸரை 1.35 வோல்ட்டில் 3.8க்கு ஏற்றினால், வேகம் 12 சதவீதமே கூட, மின்செலவும் அதனால் பிறக்கும் உஷ்ணமும் ஏறத்தாழ 40 சதவீதம் கூடிவிடும். காற்றால் குளிரூட்டும் எந்தச் சாதனமும் அறையின் உஷ்ணத்துக்குக் கீழே பிராசஸரைக் கொண்டுபோக இயலாதாகையால், மார்கழியில் நிலைத்து நின்ற அமைப்பு சித்திரையில் தடுமாறுவதில் வியப்பொன்றும் இல்லை.

இன்னும் நுட்பமானதொரு காரணம் உண்டு. அதைக் கவனிப்போர் சிலரே. எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டைப் பிராசஸருக்கு வேண்டிய ஒரு வோல்ட்டளவுக்கு இறக்கித் தரும் விஆர்எம் என்னும் பகுதி, விலை குறைந்த மதர்போர்டுகளில் மெலிந்ததாகவும், சிலவற்றில் ஹீட்சிங்க் இன்றியும் இருக்கும். அது சூடேறியதும் தன்னைக் காத்துக்கொள்வதற்காக வேகத்தைத் திடீரென்று குறைத்துவிட, பிராசஸரின் உஷ்ணமோ சாதாரணமாகவே காட்டுவதால், குறை எங்கே என்று தெரியாமல் விளையாடுபவர் மயங்குகிறார். பெட்டியோடு வந்த கூலர் காற்றைக் கீழ்நோக்கி ஊதி அப்பகுதியையும் ஓரளவு குளிர்விக்கிறது. அதனை அகற்றிப் பக்கவாட்டில் ஊதும் உயரமான கூலரைப் பொருத்துவோர், பிராசஸருக்கு நன்மை செய்யும் அதே செயலால் விஆர்எம்முக்குத் தீங்கு செய்யக்கூடும். இந்நிலையில் வோல்டேஜைக் கூட்டுவது, ஏற்கெனவே பாரம் தாங்காத மாட்டை மேலும் அடிப்பதற்கு ஒப்பாகும். அந்தப் பகுதியின் மீது சிறு விசிறியொன்றைத் திருப்பி வைத்து, தடுமாற்றம் நீங்குகிறதா என்று பார்ப்பதே சரியான பரீட்சை.

திரை நீலமாகாமலே கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்து போனால், சந்தேகம் முதலில் எஸ்எம்பிஎஸ் மீது செல்ல வேண்டும். ராமை எக்ஸ்எம்பி வேகத்துக்கு ஏற்றியிருந்தால், அதனை இறக்கி வைத்த பிறகே பிராசஸரைக் குற்றம் சொல்லலாம். முதல் தலைமுறை ரைசன்களுக்கு வேகமான ராம் ஒத்துப்போகாமை பிரசித்தம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதே விதி. இரண்டை ஒருங்கே மாற்றியவர் எது காரணம் என்று ஒருபோதும் அறியார்.

விண்டோஸ் திறந்துகொண்டதாலேயே அமைப்பு நிலைபெற்றது என்று திருப்தியடைவதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிரைம்95 என்னும் புரோகிராம் மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்டது. நெடுநாள் கணக்கில் ஒரே ஒரு பிட் பிழைத்தாலும் முடிவு முழுவதும் வீணாகுமாதலால், அது தன் கணக்கைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் இயல்பைப் பெற்றது. அந்த இயல்பே பிராசஸர்களைச் சோதிப்போருக்கு அதனை அரிய கருவியாக்கிற்று. அதில் பிழை காட்டும் கம்ப்யூட்டர், விளையாட்டில் நின்று போகாவிட்டாலும், தப்பாகவே கணக்கிடுகிறது. நம் வீடுகளில் விளையாட்டுக்கென்று ஒன்றும் படிப்புக்கென்று ஒன்றுமாக இரண்டு கம்ப்யூட்டர்கள் இருப்பது அபூர்வம். கல்லூரித் திட்ட அறிக்கையும், தங்கையின் கல்யாணப் புகைப்படங்களும் அதே டிஸ்கில் இருக்க, அவை சத்தமின்றிச் சிதைவதற்கு இடம் கொடுப்பது நியாயமாகாது.

மேலும், பல விளையாட்டுகளில் திரையின் வேகத்தைத் தீர்மானிப்பது கிராபிக்ஸ் கார்டே என்பதால், 3.8 நிற்காத இடத்தில் 3.7க்கு இறங்கி வருவதனால் கண்ணுக்குத் தெரியும் நஷ்டம் ஏதுமில்லை. அப்படி இறங்க மனமில்லாதவர், வோல்டேஜைத் தொடுமுன், கூலரின் தூசியைத் துடைத்து, உலர்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைப் புதுப்பித்து, கேபினட்டின் பக்கக் கதவைத் திறந்து வைத்து மறுபடியும் ஒருமுறை சோதிக்கட்டும்.