ஊர் கூடிச் சொன்ன சொல்

காஞ்சிபுரத்திலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் ஏகனாபுரம் இருக்கிறது. பகலில் நடவு, களையெடுப்பு, மாடு கன்று. பொழுது சாய்ந்ததும் ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக ஊர் நடுவே கூடி, ‘விமான நிலையம் இங்கே வேண்டாம்’ என்று முழங்கிவிட்டு வீடு திரும்புவார்கள். 2022 ஜூலை இறுதியில் தொடங்கிய இந்தக் கூடல் 2025 ஏப்ரலில் ஆயிரம் நாளைத் தொட்டது. வாரக் கணக்கில் சொன்னால் 140 வாரங்களுக்கும் மேல். அறுவடையும் அடைமழையும் பொங்கலும் அந்த வாரங்களுக்குள் வந்து போயின.

ஒரு சிற்றூரை இத்தனை காலம் தெருவில் நிற்கவைத்தது தவறு. அந்தத் தவறு அரசுடையது. அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லும் கடமை பக்கத்து நகரமான காஞ்சிபுரத்துக்கு உண்டு.

சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் அமையும் என்று 2022 ஆகஸ்டில் முறைப்படி அறிவிக்கப்பட்டது. பரந்தூரையும் ஏகனாபுரத்தையும் சேர்த்து 13 கிராமங்கள். 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம். ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகள் வந்துபோகும் நிலையமாக வளரும் என்பது கணக்கு. இந்தத் தேவையை நாம் மறுக்கவில்லை. மீனம்பாக்கத்தில் ஆண்டுக்கு 2 கோடிக்கு மேற்பட்டவர்கள் நெருக்கியடித்துப் போய்வருகிறார்கள். ஒரு பக்கம் அடையாறு, மறுபக்கம் நகரம்; அது இனிப் பெரிதாக விரிய வழியில்லை. பெங்களூரும் ஹைதராபாதும் 2008ஆம் ஆண்டிலேயே புதிய நிலையங்களைத் திறந்துவிட்டன. வேலையும் தொழிலும் வேண்டுமென்று நினைப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2025 ஜூலையில் நில உரிமையாளர்கள் சிலர் தாங்களாக முன்வந்து பத்திரம் செய்து கொடுத்தார்கள். அவர்களையும் யாரும் பழிக்கக் கூடாது. அவரவர் வீட்டுக் கஷ்டம் அவரவருக்குத்தான் தெரியும்.

ஆனால் தேவை உண்மையானது என்பதாலேயே கேட்காமல் எடுத்துக்கொள்ளும் உரிமை வந்துவிடாது. இங்கே கேட்பதற்கு ஒரு முறை இருந்தது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபைக்கு அரசியல் சட்டத்தில் இடம் தந்தது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஏகனாபுரம் கிராம சபை இந்தத் திட்டத்துக்கு எதிராக ஒரு முறையல்ல, கூட்டம் தவறாமல் தீர்மானம் போட்டது. சட்டம் காட்டிய வாசலில், சட்டம் சொன்ன நாளில், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சொல் அது. அந்தத் தீர்மானங்கள் திட்டத்தின் போக்கில் ஒரு அங்குலத்தையும் மாற்றவில்லை. 2025 ஏப்ரலில் மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதலும் வந்துவிட்டது.

இதில் நெஞ்சை உறுத்துவது ஒன்று உண்டு. பரந்தூர் அறிவிப்புக்குச் சில மாதங்களுக்கு முன், 2022 ஏப்ரல் 24 அன்று, அப்போதைய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இதே மாவட்டத்தின் செங்காடு ஊராட்சியில் கிராம சபைக் கூட்டத்தில் மக்களோடு உட்கார்ந்து பேசினார். ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபைக் கூட்டங்களை ஆறாக உயர்த்தியதும் அவருடைய அரசுதான். நல்ல செயல்கள் இரண்டும். ஆனால் சபையை எத்தனை முறை கூட்டினோம் என்பதில் அதன் மதிப்பு இல்லை. நமக்குப் பிடிக்காத தீர்மானத்தை அது போடும்போது என்ன செய்தோம் என்பதில்தான் இருக்கிறது. அந்தச் சோதனையில் அரசு தோற்றது.

சட்டத்தின் கதை இதைவிடக் கசப்பானது. 2013ஆம் ஆண்டின் மத்திய நிலம் கையகப்படுத்தல் சட்டம், அரசும் தனியாரும் சேர்ந்து நடத்தும் திட்டத்துக்கு நிலம் எடுக்க, பாதிக்கப்படும் குடும்பங்களில் 70 விழுக்காட்டினரின் சம்மதம் வேண்டும் என்றது. சமூகத் தாக்க ஆய்வும் வேண்டும் என்றது. பரந்தூரில் நிலம் எடுக்கப்படுவது தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுக்கும் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ். அந்தச் சட்டம் தி.மு.க. ஆட்சியில் வந்தது. மத்திய சட்டத்தின் நிபந்தனைகளிலிருந்து அதற்கு விலக்களித்தது அ.தி.மு.க. ஆட்சி. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றதும், அதே ஆட்சி புதுச் சட்டம் கொண்டுவந்து உயிர்கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. சட்டப்படி வழி கிடைத்துவிட்டது. ஆனால் சட்டம் விட்டுக்கொடுத்த இடமெல்லாம் அறத்துக்கும் சம்மதமான இடம் ஆகிவிடாது. ஒரு கட்சி பூட்டைக் கழற்றியது. இன்னொரு கட்சி அந்த வழியாக உள்ளே நுழைந்தது.

கட்சிகளின் குரல் நாற்காலிக்கு நாற்காலி மாறுவதை விவசாயி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். 2018இல் சேலம் எட்டு வழிச்சாலைக்கு அ.தி.மு.க. அரசு கல் நட்டபோது தி.மு.க. எதிர்த்தது. பரந்தூரில் தி.மு.க. அரசு அளந்தபோது எதிர்வரிசையில் இருந்தவர்கள் விவசாயிகளுக்காகப் பேசினார்கள். 2025 ஜனவரி 20 அன்று தமிழக வெற்றிக் கழகத் தலைவர் விஜய் வந்தார். அன்று போராட்டத்தின் 910ஆவது நாள். வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போனார்கள். மறுநாள் 911ஆவது நாளுக்கு ஊர்க்காரர்கள் மட்டுமே கூடினார்கள். அதற்கு முன்பே, 2024 ஏப்ரல் 19 அன்று, ஏகனாபுரம் மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் உள்ள ஊரில் மிகச் சிலரே வாக்குச்சாவடிக்கு வந்தார்கள். அதே ஆண்டு ஜூனில், ஆந்திரத்துக்கே குடிபெயர்ந்துவிடுகிறோம் என்று அறிவித்தார்கள். வாக்கும் வேண்டாம், மண்ணும் வேண்டாம் என்று ஒரு ஊர் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. அதைக் கேட்டுத் தூக்கம் இழந்திருக்க வேண்டியவர்கள் ஆட்சியில் இருந்தவர்கள்.

மூன்றரை மடங்கு விலை தருகிறோம் என்றது அரசு. நிலத்துக்கு விலை போடலாம். ஏரிக்கு எப்படிப் போடுவது? பல்லவர் காலத்தது என்று சொல்லப்படும் கம்பன் கால்வாய் இந்தத் திட்டப் பரப்பின் ஊடாகத்தான் போகிறது. வழியில் ஏரிகளை நிரப்பிவிட்டுத் திருப்பெரும்புதூர் ஏரியைச் சேர்கிறது. எடுக்கப்படும் பரப்பில் பல நீர்நிலைகள் இருக்கின்றன. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் பாய்ந்தபோது சென்னை பட்ட பாடு மறந்துபோகவில்லை. மேட்டில் இருக்கும் ஏரிகளைத் தூர்த்துவிட்டால் அந்தத் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்று கேட்பது ஏகனாபுரத்தின் சுயநலக் கேள்வி அல்ல. அது சென்னைக்காகவும் கேட்கப்படும் கேள்வி.

ஊர்ச் சபை என்றாலே குடவோலைத் தேர்தலைப் பற்றி நாம் பெருமையோடு பேசுகிறோம். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய விதிகள் இன்றும் நம் மாவட்டத்தில் நிற்கின்றன. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினனும் வாரியத்துக்கு வரக்கூடாது என்றது அந்தக் கல். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் மோதியும் உத்திரமேரூரை எடுத்துச் சொன்னார். ஆனால் அந்தச் சபையில் நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கே இடம். நாற்று நட்ட பெண்ணுக்கும், ஏர் ஓட்டியவனுக்கும் அங்கே ஓலை இல்லை. இன்றைய கிராம சபையில் வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் இடம் உண்டு. 1,100 ஆண்டுப் பழைய சபையைக் கொண்டாடிவிட்டு, அதைவிட மேலான இன்றைய சபையின் சொல்லை ஒதுக்குவது கல்வெட்டுக்கும் செய்யும் அவமரியாதை.

இனி நம் நகரத்தைப் பற்றி. காஞ்சிபுரத்தில் பலர் இதை மனைவிலைக் கணக்காகவே பார்த்தார்கள். வெளிநாட்டுக்காரர் விமானத்தில் இறங்கி நேராகப் பட்டு வாங்க வருவார் என்ற ஆசையும் உண்டு. அந்த ஆசையில் குற்றமில்லை. ஆனால் நாமும் ஒரு சட்டத்தை நம்பித்தான் பிழைக்கிறோம். 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் இருந்தும், கைத்தறிக்கென ஒதுக்கிய சேலையை விசைத்தறியில் ஓட்டிக் காஞ்சிப் பட்டு என்று விற்கிறார்களே என்று ஆண்டுதோறும் முறையிடுகிறோம். ஏட்டில் இருக்கும் சட்டம் எங்களைக் காக்கவில்லையே என்பது தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவரின் குறை. வயலில் நிற்பவரின் குறையும் அதேதான். நமக்கான சட்டத்தை அமல்படுத்தச் சொல்லிவிட்டு, அவர்களுக்கான சட்டம் வெற்றுத்தாள் ஆவதைப் பார்த்து வாய்மூடி இருந்தால் நம் முறையீட்டில் என்ன நேர்மை இருக்கும்? கோர்வைச் சேலைக்குக் கரை கோக்க இரண்டு கை வேண்டும் என்று தெரிந்த ஊர் இது. ஒரு கை மட்டும் முடிவெடுப்பது சரியல்ல என்று சொல்ல நமக்குத் தகுதி உண்டு.

ஆகவே, எந்தக் கட்சியின் ஆட்சியானாலும் செய்யவேண்டியவை மூன்று. சம்மதம் தராதவர்களின் நிலத்தை எடுப்பதை நிறுத்த வேண்டும். நீர்நிலைகளைப் பற்றி அரசு அமைத்த மச்சேந்திரநாதன் குழு தந்த அறிக்கை 13 ஊர்களின் கிராம சபைகளிலும் தமிழில், முழுமையாகப் படிக்கப்பட வேண்டும். அதன்பின் அந்தச் சபைகள் எடுக்கும் முடிவு, எந்தப் பக்கம் இருந்தாலும், அரசைக் கட்டுப்படுத்த வேண்டும். சம்மதம் கிடைத்தால் தலைநிமிர்ந்து கட்டலாம். கிடைக்காவிட்டால் வேறு இடம் தேட வேண்டும். காலம் ஆகும், செலவும் ஆகும். அந்தச் செலவைக் குடியரசு தாங்கும்.

ஆயிரம் மாலைகள் ஒரு ஊர் வன்முறை இல்லாமல், வேலைநேரம் போக மிச்ச நேரத்தில், ஒரே சொல்லைச் சொன்னது. அந்தச் சொல்லுக்குப் பதில் தராமல் நிலத்தை அளந்தது அநீதி. அதைத் திருத்தும் பொறுப்பு ஆட்சியில் இருப்பவர்களுடையது. திருத்தச் சொல்லும் பொறுப்பு நம்முடையது.