வெனிஸ் செல்வோர்க்குச் சில வார்த்தைகள்

விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பது நம் முன்னோர் மொழி. இத்தாலி நாட்டின் வெனிஸ் நகருக்கு வரும் விருந்தினரிற் பெரும்பாலாரோ மூன்று நாளும் தங்குவதில்லை. காலையில் வந்து, சதுக்கத்தைப் படம் பிடித்து, மாலையில் மறைகின்றனர். இக்கூட்டத்தின் நடுவே குடும்பம் நடத்துவது அந்நகரத்தார்க்கு எளிதன்று. 1951ஆம் ஆண்டில் ஏறக்குறைய 175,000 மக்கள் வாழ்ந்த அப்பழைய நகரில், 2022ஆம் ஆண்டில் ஐம்பதினாயிரத்துக்கும் குறைந்தோரே எஞ்சியிருந்தனர். குடியிருந்த வீடுகள் பல பயணிகள் விடுதிகளாக மாறிவிட்டன.

ஐரோப்பாவிலுள்ள உற்றாரைக் காணச் செல்லும் நம்மவர் சிலரும், அங்கே கல்வி பயிலும் மாணவர்களும் வெனிசைப் பார்த்துவர விரும்புவர். அவர்கள் அந்நகரத்தாருக்குச் சுமையாகாமலும், தாம் வீண் செலவு செய்யாமலும் வர வேண்டுமென்பது நம் விருப்பம். அதற்கு உதவக்கூடிய சிலவற்றை இங்கே கூறுவோம்.

வெனிசை நிலத்தோடு இணைத்த புகையிரதப் பாலம் 1846இலும், மோட்டார் வீதி 1933இலும் திறக்கப்பட்டன. காரும் பேருந்தும் பியாத்சாலே ரோமா என்னும் திடலோடு நின்றுவிடும். அப்பால் நடையும் படகுமே துணை. நானூறுக்கு மேற்பட்ட பாலங்கள் உள்ளன. அவற்றிற் பெரும்பாலானவை படியேறி இறங்க வேண்டியவை. ஆதலால், ஒரு கையால் தூக்கக்கூடிய பெட்டியோடு செல்க.

விடுதியின் விலாசத்தை எழுதிக்கொள்ளும்போது எச்சரிக்கை வேண்டும். நகரம் ஆறு பகுதிகளாகப் பிரிந்துள்ளது. வீட்டிலக்கங்கள் வீதிதோறும் புதிதாகத் தொடங்காமல், பகுதி முழுவதற்கும் ஒரே தொடராக ஓடுகின்றன. பகுதியின் பெயரையும் நாலாயிரம், ஐயாயிரமென்ற ஓர் இலக்கத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடிப்பது அரிது. வீதியின் பெயரையும், அருகிலுள்ள தேவாலயத்தின் அல்லது பாலத்தின் பெயரையும் கேட்டறிக. சுவர்களில் ரியால்தோவுக்கும் புனித மாற்கு சதுக்கத்துக்கும் வழி காட்டும் மஞ்சட் பலகைகளைக் காணலாம்.

பெருங்கால்வாயின் அழகைக் காண விரும்புவோர் முதலாம் இலக்கப் பயணிகள் படகில் ஏறினால் போதும். அது ஒவ்வொரு துறையாக நின்று செல்லும். சீட்டை ஏறுமுன் இயந்திரத்திற் காட்டிப் பதிவு செய்யாவிடில் தண்டம் செலுத்த நேரிடலாம். பலமுறை ஏறி இறங்க எண்ணுவோர் நாட்கணக்கில் விற்கப்படும் சீட்டை வாங்குவது இலாபம். கொண்டோலாத் தோணியில் அரைமணி நேரம் உலாவுவதற்குப் பகற்கட்டணம் 90 யூரோ என 2023இல் விதிக்கப்பட்டது. தோணியில் ஏறினோம் என்ற ஆசை மட்டும் தீர வேண்டுமாயின், ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஆட்களை ஏற்றும் திராகெத்தோ என்னும் கடவைத் தோணி உண்டு. அதற்கு ஓரிரு யூரோவே செலவாகும். பெருங்கால்வாய்க்கு நான்கே பாலங்கள் இருப்பதால், ஊராரும் அத்தோணியையே நாடுகின்றனர்.

கோப்பிக் கடையில் நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை; மேசையில் அமர்ந்தால் வேறு விலை. புனித மாற்கு சதுக்கத்தில் வாத்தியம் இசைக்கும் கடைகளில் இசைக்கும் தனிக் கட்டணம் சேரும். விலைப்பட்டியலைப் பார்த்த பின்னரே அமர்க. தண்ணீருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஊரெங்குமுள்ள பொதுக் குழாய்களிற் குடிநீர் வருகின்றது.

நடக்கும்போது வலப்புறமாகச் செல்வதும், பாலத்தின் உச்சியில் நின்று படம் பிடியாமல் இருப்பதும் முக்கியம். அவ்வழியேதான் கடைச்சாமான்களும் குப்பையும் கைவண்டிகளிற் போகின்றன. முதியவர் கறிகாய்ப் பையோடு வருகின்றார். படகில் ஏறியதும் முதுகுப்பையைக் கழற்றிக் கையிற் பிடிக்க வேண்டும். சதுக்கத்துப் படிகளில் அமர்ந்து உண்பதும், கால்வாயில் நீராடுவதும், 2008 முதல் புறாக்களுக்கு இரை இடுவதும் தண்டத்துக்குரியவை.

ஐப்பசி முதல் தை வரையுள்ள மாதங்களிற் கடல்நீர் ஊருக்குள் ஏறுவதுண்டு. 1966 நவம்பர் 4ஆம் திகதி 194 சென்ரிமீற்றரும், 2019 நவம்பர் 12ஆம் திகதி 187 சென்ரிமீற்றரும் உயர்ந்தன. 2020 ஒக்டோபரில் கடல்வாயில்களை அடைக்கும் மோசே என்னும் தடுப்புக் கதவுகள் முதன்முறையாக உண்மையான பெருக்கைத் தடுத்தன. ஆயினும் சதுக்கம் மிகத் தாழ்ந்த இடமாதலால், கதவுகள் உயர்த்தப்படாத சிறு பெருக்கிலும் அங்கே நீர் நிற்கலாம். அக்காலத்திற் செல்வோர் அன்றைய நீர்மட்ட அறிவிப்பைக் கேட்டுப் புறப்படுக.

ஒரு நாள் மட்டும் வந்து போவோரிடம் சில குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் பெறும் முறை 2024 ஏப்ரல் 25ஆம் திகதி தொடங்கியது. அவ்வாண்டு அது 5 யூரோ. 2025இல் பிந்திப் பதிவு செய்தோர்க்கு 10 யூரோ. இரவு தங்குவோர்க்கு இக்கட்டணம் இல்லை.

தங்குவதே சிறந்தது என்பது நம் கருத்து. ஓரிரவு தங்கினால் மறுநாட் காலையில் ரியால்தோச் சந்தைக்குச் செல்லலாம். செவ்வாய் முதல் சனி வரை அங்கே மீன் விற்கப்படும். ஊரார் விலை பேசி வாங்குவதைக் காணலாம். ஆங்கே இரண்டு பழம் வாங்குவோர், அந்நகரில் இன்னும் அடுப்பெரியும் வீடுகளுக்காகவே நடக்கும் சந்தைக்குத் தம்மாலான துணை செய்தவராவர். மாளிகைகளைக் கடலினின்றும் காக்கக் கதவுகள் உண்டு. அம்மாளிகைகளிடையே குடியிருப்போரைக் காப்பதில் விருந்தினராகிய நமக்கும் பங்குண்டு.