அடுப்படியும் ஆலை வாயிலும்

திருப்பெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை விரிந்து கிடக்கும் தொழிற்பகுதியில், இரவுப் பணி முடித்து விடியலில் நிறுவனப் பேருந்துகளிலிருந்து இறங்கும் மகளிரைக் கண்டவர்க்கு, நம் சின்னத்திரைத் தொடர்கள் எந்நாட்டுப் பெண்டிரைப் பற்றிப் பேசுகின்றன என்னும் ஐயம் எழாமற் போகாது. தொடரில் வருபவள் அந்நேரத்தில் கோலமிடுகிறாள், குளம்பி கலக்குகிறாள், மாமியாரின் கடுஞ்சொல்லுக்குக் கண்ணீர் வடிக்கிறாள். இவளோ கைப்பேசியின் நுண்ணுறுப்புகளை இரவெல்லாம் நின்று பொருத்திவிட்டு வருகிறாள். தம்பியின் படிப்பும் தந்தையின் கடனும் இவள் கையில்.

தொடர்கள் பெண்ணைப் பழைய எல்லைக்குள்ளேயே வைத்திருந்தன என்று ஒரேயடியாகச் சொல்வது நேர்மையன்று. 2003 முதல் 2009 வரை சன் தொலைக்காட்சியில் ஓடிய 'கோலங்கள்' தொடரில் தேவயானி ஏற்ற அபி, கட்டடத் தொழில் நடத்தினாள். ஆண்கள் ஆளும் துறையில் ஒரு பெண் தலைமை தாங்கியதைத் தமிழ் இல்லங்கள் ஆறாண்டுகள் பார்த்தன. ஆயினும், ஆயிரத்தைந்நூறு பகுதிகளுக்கு மேல் நீண்ட அக்கதையில் சுவர் எழுந்ததைக் காட்டிலும் குடும்பம் உடைந்ததே மிகுதி. தொழில் அவளுக்கு வாழ்வாக அமையவில்லை. உறவினர் வந்து பூசலிடும் மற்றொரு கூடமாகவே அமைந்தது.

2020-இல் விசய் தொலைக்காட்சி தொடங்கிய 'பாக்கியலட்சுமி' வங்கத் தொடரொன்றின் தழுவல். (நம் வீட்டுப் பெண்ணின் துயரைச் சொல்லவும் வங்கத்திற்குப் போகவேண்டியிருக்கிறது!) கணவன் கைவிட்டபின் தன் காலில் நிற்கும் அப்பெண் எதைக் கொண்டு நின்றாள்? சமையலைக் கொண்டு. அடுப்படியை விட்டு அவள் வெளியேறவில்லை, அடுப்படியே பெரிதாயிற்று.

'எதிர்நீச்சல்' இன்னும் கூர்மையானது. 2022-இல் தொடங்கிய அத்தொடர், படித்த பெண்களை மருமகள்களாகக் கொணர்ந்து அடுக்களையில் அடைக்கும் குடும்பத்தைக் காட்டிற்று. நோக்கம் நன்று. ஆனால் நடந்தது என்ன? 2023-இல் மறைந்த மாரிமுத்து, ஆதி குணசேகரனாக அதட்டிய அதட்டலே நாடெங்கும் புகழ் பெற்றது. நடிகரின் ஆற்றல் மறுக்கவொண்ணாதது, குறை கேட்பவரிடத்தில். அடக்குபவனின் சொல் நகைச்சுவையாகி வீட்டுக்கு வீடு ஒலிக்க, அடங்க மறுத்தவர்களின் சொல்லை யார் நினைவில் வைத்தார்?

ஆலைப் பெண்ணே வரவில்லையோ எனின், வந்தாள். 2023-இல் தொடங்கிய 'சிங்கப்பெண்ணே' சிற்றூரிலிருந்து ஆடை ஆலைக்கு வந்த ஆனந்தியின் கதை. அங்கும் தையற்பொறி பின்னணியாயிற்று. முதலாளியும் உடன்பணியாளனும் அவள்மேற் கொண்ட காதலே முன்னின்றது. கூலி, பணிநேரம், விடுதிச் சோறு ஆகியவை கதைக்கு உதவா எனக் கருதினர் போலும்.

உதவாதவையா அவை? 2021 திசம்பரில், சுங்குவார்சத்திரத்துப் பாக்சுகான் ஆலைப் பெண்கள் விடுதி உணவால் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறித்தனர். மூடப்பட்ட ஆலை 2022 சனவரி 12-இல்தான் மீண்டும் இயங்கிற்று. அடக்கம், பொறுமை என்று எந்தத் தொடரும் கற்பிக்கும் பண்புகளை ஓரிரவில் ஒதுக்கிவைத்த அப்பெண்கள், தொடர் எழுதுவோர் கண்ணிற் படவில்லை.

இனி, ஆலையின் மறுபக்கத்தையும் காண்க. மணமான பெண்களை அவ்வாலை பணிக்கு எடுக்க மறுத்ததாக 2024 சூன் திங்களில் இராய்ட்டர் செய்தி நிறுவனம் எழுதிற்று. குடும்பப் பொறுப்பு, கருவுறுதல், அடிக்கடி விடுப்பு என்பன ஆள் சேர்ப்போர் சொன்ன காரணங்கள். தாலியும் மெட்டியும் உலோகமாதலால் பணிக்கு இடையூறு என்பதும் ஒன்று. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. நடுவணரசு 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டித் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. சின்னத்திரை எந்தத் தாலியைப் பெண்ணின் முடிந்த முடிபாகப் போற்றுகிறதோ, அதுவே வாயிலில் அவளைத் தடுக்கிறது. மணமானவள் வீட்டுக்குரியவள் என்னும் ஒரே சட்டத்தை இரண்டும் நடத்துகின்றன.

இதனை வடவர் புகுத்திய வழக்கமென்று தள்ளிவிட நம்மவருள் சிலர் விரும்புவர். அது முழுமையான விடையன்று. வினை ஆடவர்க்கு, மனை மகளிர்க்கு என்னும் எண்ணம் நம் சங்கப் பாட்டிலும் உண்டு. ஆயினும், அதே சங்கத் தொகையில், இக்காஞ்சி நிலத்தையாண்ட தொண்டைமான் இளந்திரையன்மேற் பாடப்பட்ட பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள் வருகிறாள். விடியலில் தயிர் கடைந்து, ஊர் சென்று மோர் விற்றுச் சுற்றத்தை உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொள்ளாமல் எருமையும் பசுவும் கேட்கிறாள். தேய்ந்துபோகும் பொன்னினும் பெருகும் கறவையே மேலென்று கணக்கிட்ட கையது. உருத்திரங்கண்ணனார் அவளை அழவிடவில்லை. அவள் என்ன விற்றாள், என்ன வாங்கினாள் என்று எழுதினார்.

பணியாள் தேவை விளம்பரங்களில் அகவை, பாலினம், மணநிலை ஆகியவற்றைக் குறிக்கலாகாதென ஆள் சேர்ப்போர்க்குப் பாக்சுகான் சொல்லிவிட்டதாக 2024 நவம்பரில் செய்தி வந்தது. வாயிலில் எழுதியிருந்ததை அழித்தாயிற்று. திரையில் எழுதுவோர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கின்றனர்.