கீரி முடி பிரஷ் நமக்கு வேண்டாம்



எங்க வீட்டுச் சுவரில் தாத்தா, பாட்டி கல்யாண போட்டோ ஒன்று இருக்கு. கருப்பு வெள்ளைப் படம்தான். ஆனால் பாட்டி சேலை மட்டும் சிவப்பு, கன்னத்தில் ரோஸ். "ஸ்டுடியோக்காரர் பிரஷால தொட்டுத் தொட்டு வச்ச கலரும்மா" என்றார் தாத்தா. அந்தக் காலத்தில் நெகட்டிவில் தூசி இருந்தால் பிரிண்ட்டில் வெள்ளைப் புள்ளி விழுமாம். அதையும் மெல்லிய பிரஷால்தான் அடைப்பார்களாம். அதற்கு நுனி ஊசி மாதிரி நிற்க வேண்டும். மிருக முடி அப்படி நிற்கும். வெளிநாட்டில் மரநாய் இன முடி, அணில் முடி. நம் நாட்டில் கீரி முடி.

என்னிடமும் ஒரு கீரி முடி பிரஷ் இருக்கு. போன வருடம் அதில் வரைந்துதான் ஓவியப் போட்டியில் பரிசு வாங்கினேன். கடைக்காரர் சொன்னபோது பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் விஷயம் தெரிந்தது.

கீரியை யாரும் வளர்த்து முடி வெட்டுவதில்லை. பிடித்துக் கொல்கிறார்கள். ஒரு கீரியில் சுமார் 40 கிராம் முடி. அதில் பிரஷுக்கு ஆவது 20 கிராம்தான். ஒரு கிலோ முடிக்கு 50 கீரி! 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். 2019-இல் பல மாநிலங்களில் சோதனை போட்டு ஆயிரக்கணக்கான பிரஷ்களைப் பிடித்தார்கள்.

"செத்தது செத்துப்போச்சு, நீ வாங்காட்டா மட்டும் நின்னுடுமா?" என்று என் தோழி கேட்டாள். ஆளாளுக்கு இப்படியே சொன்னால் எப்படி நிற்கும்? வாங்க ஆள் இருப்பதால்தானே கொல்கிறார்கள்.

நைலான் பிரஷ் அவ்வளவு தண்ணீர் பிடிக்காது, உண்மைதான். அடிக்கடி தொட வேண்டும். கை பழகிவிட்டால் சரியாகிவிடும். தாத்தா காலத்து ஸ்டுடியோக்காரரை நான் குறை சொல்லவில்லை. அன்று நைலான் பிரஷ் இவ்வளவு கிடைக்கவில்லை. இன்று நமக்குக் கிடைக்கிறது.

பிரஷ் வாங்கும்போது முடியைப் பாருங்கள். ஒரே முடியில் கருப்பும் வெளுப்பும் மாறி மாறி இருந்தால் எந்த முடி என்று கேளுங்கள். கீரி என்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

நம் பள்ளங்கியில் பூண்டுத் தோட்டத்து வரப்பில் கீரி குறுக்கே ஓடினால் நல்ல சகுனம் என்போம். அதன் முடியில் படம் வரைந்து பரிசு வாங்குவது மட்டும் நல்லதா? இந்த வருடப் போட்டிக்கு நான் நைலான் பிரஷ்தான் கொண்டு போவேன். பரிசு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

சிந்திப்போம்! உயிர்களைக் காப்போம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி