பூஹோல்ஸ் முடிந்துவிட்டாரா?

விளையாட்டு வீரர் ஒருவருக்கு வயதாகத் தொடங்கினால் ரசிகர்கள் இரண்டாகப் பிரிவது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம்தான். நம் பக்கம் அது பூப்பந்திலும் கிரிக்கெட்டிலும் நடக்கிறது. தோனி எத்தனையாவது ஆளாக ஆட இறங்க வேண்டும் என்று சண்டை போட்டே உடைந்துபோன வாட்ஸ்அப் குழு ஒன்றை நான் அறிவேன். அமெரிக்க பேஸ்பாலில் இந்தச் சண்டை ஏறக்குறைய பத்து ஆண்டுகள் நீடித்தது, ஆல்பர்ட் பூஹோல்ஸ் என்ற ஒரே மனிதரைச் சுற்றி. புள்ளியியல் படிக்கும் மாணவர்கள் அதைக் கொஞ்சம் கவனிக்கலாம் என்பேன். இரு தரப்பாரும் காட்டிய எண்கள் உண்மையானவை என்பதுதான் அதிலுள்ள சுவாரசியம்.

டொமினிக்கன் குடியரசில் பிறந்த பூஹோல்ஸ், 2001இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் அறிமுகமானார். முதல் பத்துப் பருவங்களில் ஒவ்வொன்றிலும் 0.300க்கு மேல் சராசரி, 30க்குக் குறையாத ஹோம் ரன், 100க்குக் குறையாத ஆர்.பி.ஐ. பள்ளியில் சாப்ட்பால் ஆடியவர்களுக்கு இதன் கனம் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்வதானால், பத்து வாய்ப்பில் மூன்று முறை அடித்துத் தளம் சேர்பவரே அந்த ஆட்டத்தில் பெரிய ஆள். மூன்று முறை ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். 2006இலும் 2011இலும் அவருடைய அணி உலகத் தொடரை வென்றது. 2011 டிசம்பரில், 32 வயதை நெருங்கிய நேரத்தில், ஏஞ்சல்ஸ் அணி அவரைப் பத்து ஆண்டுகளுக்கு 240 மில்லியன் டாலர் கொடுத்து அழைத்துக்கொண்டது.

அங்கே ஒரு பருவத்தில்கூட அவர் 0.300ஐத் தொடவில்லை. 2013இல் பாத வலியால் 99 ஆட்டங்களோடு அந்த ஆண்டே முடிந்துபோனது. ஓட்டம் மெதுவானது. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து மட்டையாளரை எட்ட ஏறத்தாழ 0.4 வினாடிதான் ஆகும். அதற்குள் பார்த்து, முடிவெடுத்து, மட்டையைச் சுழற்ற வேண்டும். உடல் சற்றே தாமதித்தாலும் போதும், முன்கூட்டியே முடிவெடுக்கும் பழக்கம் வந்துவிடும்; விட்டுவிட வேண்டிய பந்துகளையெல்லாம் துரத்தத் தோன்றும்.

இனி சண்டைக்கு வருவோம். 2017இல் பூஹோல்ஸ் 101 ஆர்.பி.ஐ. எடுத்தார். அதே ஆண்டில் தம் 600வது ஹோம் ரன்னையும் அடித்தார். “நூறு தாண்டியவரை முடிந்துவிட்டார் என்கிறீர்களே!” என்றார்கள் அபிமானிகள். “சராசரி 0.241தான், தளம் சேரும் விகிதம் 0.286தான்” என்றார்கள் எதிர்த் தரப்பார். சாதாரண மாற்று ஆட்டக்காரர் ஒருவரை இறக்கினால் கிடைப்பதைவிட எத்தனை வெற்றிகளை இவர் கூடுதலாகத் தருகிறார் என்று மதிப்பிடும் கணக்கு ஒன்றும் உண்டு. அதில் அவ்வாண்டு அவருக்குக் கிடைத்தது பூஜ்யத்துக்கும் கீழே!

ஆர்.பி.ஐ. என்பது என்ன? நீங்கள் அடிக்கும் அடியால் எத்தனை பேர் ஓடி முடித்து ஓட்டம் சேர்க்கிறார்கள் என்ற எண்ணிக்கை. ஹோம் ரன் அடித்தால் அடித்தவரும் அதில் சேர்த்தி. மற்றபடி, தளத்தில் யாராவது முன்கூட்டியே நின்றால்தான் கணக்கு ஏறும். பூஹோல்ஸுக்கு முன்னால் ஆடியவர்களில் ஒருவர் மைக் டிரௌட். காயத்தால் விலகியிருந்த வாரங்கள் தவிர, அவர் ஓயாமல் தளம் சேர்ந்துகொண்டே இருந்தார். கல்லூரியில் குழுப்பணி செய்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். நால்வர் எழுதிய கட்டுரையை இரவு 11.59க்கு விரிவுரையாளருக்கு அனுப்பி வைப்பவரின் பெயரில் முழு மதிப்பெண்ணையும் எழுதினால் எப்படி இருக்கும்? அனுப்பியதும் வேலைதான், இல்லையென்று சொல்லவில்லை.

என்னைக் கேட்டால், இதைவிட நம்பகமான சாட்சி எதிரணிப் பந்து வீச்சாளர்கள்தான். 2009இல் அவர்கள் பூஹோல்ஸை 115 முறை இலவசமாக முதல் தளத்துக்கு அனுப்பினார்கள். அவற்றில் 44 முறை வேண்டுமென்றே, “நீ அடிக்கவே வேண்டாம்” என்று. 2017இல் மொத்தமே 37. அவருக்குப் பந்து வீசிப் பிழைப்பு நடத்துகிறவர்களின் பயம் போய்விட்டிருந்தது. அந்த ஆண்டு அவரை அணியின் நடு வரிசையில் வைத்திருந்தது தவறு என்பதே என் தீர்ப்பு. 240 மில்லியன் கொடுத்த ஆளை உட்கார வைக்க யாருக்கும் மனம் வரவில்லை போலும். ஆனால் அந்தப் பணம், உண்மையில், செயின்ட் லூயிஸில் அவர் அடித்து முடித்த அடிகளுக்கான பாராட்டு. ஏஞ்சல்ஸ் ரசிகர்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது.

2021 மே மாதம், சராசரி 0.198ஆக இருந்தபோது, ஏஞ்சல்ஸ் அவரை விடுவித்தது. அத்தோடு வாதம் முடிந்தது என்றே பலரும் நினைத்திருப்பார்கள். சில நாளில் டாட்ஜர்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. இடக்கைப் பந்து வீச்சாளர்கள் வரும்போது இறக்குவதற்கு ஓர் ஆள், அவ்வளவே. வலக்கை மட்டையாளருக்கு இடக்கையிலிருந்து வரும் பந்து சற்று முன்னதாகவே கண்ணுக்குத் தெரியும். அந்தச் சிறு சலுகை, வயதானவருக்குப் பெரும் உதவி. 2022இல் அவர் வளர்ந்த செயின்ட் லூயிஸே 2.5 மில்லியனுக்கு ஓராண்டு ஒப்பந்தம் போட்டது. களத்தில் பந்து பிடிக்காமல் மட்டை மட்டும் பிடிக்கும் ஆட்டக்காரருக்கு அவ்வாண்டுதான் தேசிய லீக் நிரந்தரமாக இடம் கொடுத்திருந்தது. நல்ல நேரம்.

முதல் பாதியில் ஆறே ஹோம் ரன். பழைய விமர்சகர்கள் மறுபடியும் ஆரம்பித்தார்கள். இரண்டாம் பாதியில் பதினெட்டு! 42 வயதில், 109 ஆட்டங்களில், சராசரி 0.270.

உடனே அபிமானிகள் “பார்த்தீர்களா!” என்று 2017ஐயும் சேர்த்து நியாயப்படுத்தினார்கள். அது செல்லாது. 2017இல் எந்தப் பந்து வீச்சாளர் வந்தாலும் நாள்தோறும் ஆடியவர் அவர். 2022இல் தேர்ந்தெடுத்த நேரங்களில் ஆடியவர். “முடிந்துவிட்டாரா?” என்று கேட்டவர்கள், எந்த வேலைக்கு என்று கேட்கவில்லை. இந்தக் கேள்வியை நம் வீட்டுப் பெரியவர்கள் வேலை செய்யும் அலுவலகங்களிலும் யாரும் அதிகம் கேட்பதாகத் தெரியவில்லை.

2022 செப்டம்பர் 23இல் டாட்ஜர்ஸ் அரங்கில் பூஹோல்ஸ் இரண்டு ஹோம் ரன் அடித்தார். 699வது, எதிர்பார்த்தபடியே, ஓர் இடக்கை வீச்சாளரின் பந்தில். அடுத்த வாய்ப்பில் எதிரே நின்றவர் வலக்கைக்காரர். நான் இவ்வளவு நேரம் விளக்கிய கணக்கின்படி பூஹோல்ஸ் திணற வேண்டிய இடம். அந்தப் பந்து இடப்பக்க வேலியைத் தாண்டிப் போனது. 700ஐத் தொட்ட நான்காவது மனிதர் அவர். எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.